நோயில் இளைத்த பறவையைத் தேற்றுவது: சூடு, தண்ணீர், அப்புறம்தான் தீனி

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி கரை தாண்டி மீனாட்சிபுரத்துக்குள் வந்த அந்த இரண்டு நாளை திருநெல்வேலியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், ஆச்சி, நாங்கள் வளர்க்கும் காக்டெயில் கிளிச் சோடி என்று எல்லாவற்றையும் மாடி அறைக்கு ஏற்றினோம். கரண்ட் வர நாளானது. தீனி டப்பாவுக்குள் ஈரம் ஏறியதை நான் கவனிக்கவில்லை. பத்து நாள் கழித்து ஆண் பறவைக்குக் கழிச்சல் ஆரம்பித்தது. வைத்தியம் பார்த்தோம், மருந்து முடிந்தது, எச்சமும் ஒழுங்குக்கு வந்தது. பறவை மட்டும் தெம்பில்லாமல் கம்பிலேயே உட்கார்ந்திருந்தது.

ஆச்சி ஊரில் நாற்பது வருஷம் கோழி வளர்த்தவள். அதைக் கையில் வாங்கி நெஞ்சில் ஒரு விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்னலே இது, நெஞ்சு அருவா மாதிரில்லா இருக்கு" என்றாள். தராசில் வைத்தேன். 71 கிராம். இரண்டு மாதம் முன்னால் விளையாட்டாக நிறுத்து போனில் எடுத்து வைத்திருந்த படத்தில் 92. கிட்டத்தட்ட கால்வாசி உடம்பு போயிருக்கிறது. இத்தனைக்கும் காலையும் மாலையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

90-ஐத் தொட ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதும், தப்பாகச் செய்து திருத்திக்கொண்டதும் கீழே இருக்கின்றன. காக்டெயில், நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற பட்ஜி, ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், சின்ன கன்யூர் கிளி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. அடிபட்டோ இளைத்தோ கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்வதுதான் வழி.

முதலில் மார்பெலும்பு, அப்புறம் தராசு

பறவை தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரிகிறதைத்தான் வல்லூறு முதலில் தூக்கும், அதனால் வந்த குணம். போதாததற்கு, உடம்பு குளிர்ந்தால் இறகைச் சிலிர்த்துக்கொள்ளும். இளைக்க இளைக்க இன்னும் உருண்டையாகத் தெரியும். "நல்லா குண்டாத்தானே இருக்கு" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

அதனால் தொட்டுப் பார்க்க வேண்டும். மெல்லிய துண்டால் முதுகுப் பக்கமிருந்து பிடியுங்கள். கழுத்தின் இரு பக்கமும் விரல் அணைத்திருக்கட்டும், ஆனால் மார்பை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது; மார்புக்கூடு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அதை இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை மார்பின் நடுவே குறுக்காக ஓட்டுங்கள். நடுவில் ஓர் எலும்பு நீளமாக ஓடும்.

விரலுக்குப் பழக்கம் இல்லையென்றால் உங்கள் உடம்பிலேயே தொட்டுப் பாருங்கள். மூக்குத்தண்டைத் தடவினால் நடுவில் எலும்பு மேடு, இரண்டு பக்கமும் சரிவு. பறவையின் மார்பு அப்படி இருந்தால் அது இளைத்திருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் சதைமேட்டைத் தடவுங்கள். எலும்பின் இரண்டு பக்கமும் அந்த மாதிரித் திரட்சி இருந்து, நடுவில் எலும்பின் விளிம்பு லேசாகத் தட்டுப்பட்டால் நல்ல உடம்பு. எலும்பே தட்டுப்படாமல் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் கொழுத்திருக்கிறது, அது வேறு சிக்கல்.

இதைத் தினமும் செய்ய வேண்டாம். நோயில் கிடக்கும் பறவையைப் பிடிப்பதே அதற்கு ஒரு அடி. வாரம் ஒரு முறை போதும். தினசரி வேலைக்குத் தராசு.

சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஒரு கிராம் காட்டினால் காக்டெயிலுக்குச் சரி, பட்ஜிக்கு 0.1 கிராம் காட்டுவதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் அதன் மொத்த எடையே 30-லிருந்து 40 கிராம்தான். அதில் மூன்று கிராம் குறைந்தால் நமக்கு ஐந்து கிலோ குறைந்த மாதிரி. காக்டெயில் பெரும்பாலும் 80-லிருந்து 110 வரை, ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் 45-லிருந்து 60 வரை இருக்கும். இது பொதுக் கணக்கு. உங்கள் பறவை நன்றாக இருந்தபோது எவ்வளவு இருந்தது என்பதுதான் உண்மையான கணக்கு. அந்த எண் கையில் இல்லாதவர்கள் மார்பெலும்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எடை போடும் நேரம் மாறக்கூடாது. காலையில், இரவு முழுக்கச் சேர்த்த அந்தப் பெரிய எச்சத்தைப் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன். தராசின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, பறவையை அதன் மேல் ஏற்றி, கண்ணுக்கு முன்னால் இரண்டு தினையைக் காட்டினால் மூன்று விநாடி அசையாமல் நிற்கும். அது போதும். காலண்டர் தாளில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நான் போனில் எழுதியது நான்கு நாளில் நின்றுபோனது. சுவரில் தொங்கிய காலண்டர்தான் கடைசி வரை வந்தது.

எதனால் இளைத்தது என்று தெரியாமல் தீனி போடாதீர்கள்

நோய் முழுதாகப் போகவில்லை என்றால் என்ன போட்டாலும் உடம்பில் ஒட்டாது. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைப்பது ஒரு வகை. பட்ஜியில் இது அதிகம். இரைப்பையில் தங்கும் ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சையால் வரும். எச்சத்தில் முழுத் தினை அப்படியே வெளியே வரும், சில நேரம் கக்கும், தலை இறகெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். குடற்புழு, தொண்டையில் வரும் ஒட்டுண்ணி, கல்லீரல் கோளாறு, கிளிக்காய்ச்சல் என்று இன்னும் பல காரணம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் இது எதையும் சொல்ல முடியாது, எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பாதியாவது தெரியும்.

மாவட்டத்துக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் அன்று காலை விழுந்த புது எச்சத்தைக் காய விடாமல் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். காலண்டர் தாளையும் கிழித்துக்கொண்டு போங்கள். "ஒரு வாரமா டல்லா இருக்கு டாக்டர்" என்பதைவிட "ஆறு நாளில் எட்டு கிராம் குறைந்திருக்கிறது" என்பது அவருக்கு ஆயிரம் மடங்கு உபயோகம்.

நான் செய்த முதல் தப்பு இங்கேதான். டாக்டரிடம் போவதற்கு முன் பறவைக் கடை ஒன்றில் கேட்டேன். மனிதருக்குத் தரும் மஞ்சள் கேப்சூல் ஒன்றைக் கொடுத்து, "பிரிச்சுத் தண்ணியில கலந்து வைங்க" என்றார்கள். தண்ணீர் கசந்ததும் பறவை குடிப்பதையே நிறுத்தியது. கழிச்சலில் ஏற்கெனவே வறண்டிருந்த உடம்பு இரண்டு நாளில் இன்னும் வறண்டது. குடிதண்ணீரில் கலக்கும் மருந்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தேவையில்லாத ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல கிருமியையும் கொன்று, பூஞ்சைக்கு இடம் விட்டுவிடும்.

டாக்டரே டாக்ஸிசைக்ளின் வகை மருந்து எழுதியிருந்தால், கூண்டில் தொங்கும் கணவாய் மீன் ஓட்டையும் சுண்ணாம்புக் கட்டியையும் எடுத்து வைக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போகவிடாது.

கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தை விளக்குமாறால் பெருக்கினால் தூசியோடு மூக்குக்குள் போகும். தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு தாளோடு சுருட்டி எடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் நோய்ப் பறவை இருப்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சூடு

பறவையின் உடம்பு நம்முடையதைவிடச் சூடானது, 40 டிகிரிக்கு மேல். இளைத்த பறவை தின்பதையெல்லாம் அந்தச் சூட்டைக் காப்பாற்றவே எரித்துவிடும். சதை வைக்க மிச்சம் இருக்காது. வெளியே இருந்து சூடு கொடுத்தால் அந்தத் தீனி உடம்புக்குப் போகும். எனக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை, தீனியைத்தான் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னக் கூண்டு ஒன்றை எடுத்து மூன்று பக்கமும் மேலேயும் பழைய வேட்டியால் மூடுங்கள். கம்பைத் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்துக்கு இறக்குங்கள். தெம்பில்லாத பறவை விழுந்தாலும் அடிபடாது. கூண்டுக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பு, துணியில் படாத தூரத்தில். பல்ப் பக்கம் சூடாகவும் மறுபக்கம் சாதாரணமாகவும் இருந்தால் பறவை தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். உள்ளே 28-லிருந்து 32 டிகிரி இருக்கட்டும். ஒரு சின்ன வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டால் ஊகம் தேவையில்லை. கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தாலோ சூடு அதிகம். சிலிர்த்தபடி பல்பை ஒட்டியே உட்கார்ந்திருந்தால் போதவில்லை.

இதெல்லாம் ஐப்பசி முதல் தை வரைக்குமான கதை. நம்மூர் சித்திரை, வைகாசியில் அறையே 35-க்கு மேல் போகும். அப்போது பல்ப் வைத்தால் பறவை வெந்துவிடும். காற்றோட்டமான அறை, நேராக மேலே படாத மின்விசிறி, இது போதும். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் சாரலோடு காற்று வீசும். அங்கே இருப்பவர்கள் ஜன்னலை ஒட்டிக் கூண்டு வைக்காதீர்கள்.

சாம்பிராணி, கொசுவர்த்தி, கற்பூரம் மூன்றும் அந்த அறைக்குள் வரக்கூடாது. நான்-ஸ்டிக் பாத்திரம் காய்ந்து புகைந்தால் அந்த ஆவி சில நிமிஷத்தில் பறவையைக் கொல்லும், நோயில்லாத பறவையையும்தான்.

இரவில் பதினோரு, பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவி இருக்கும் கூடத்தில் வைத்தால் சீரியல் முடியும் வரை விழித்திருக்கும்.

தண்ணீர்

வறண்ட குடலில் தீனி செரிக்காது. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துப்போகும். கண் உள்வாங்கியிருந்தாலோ, வாயைத் திறந்தால் எச்சில் நூல்போல இழுத்தாலோ, காலில் தோல் சுருங்கிக் கிடந்தாலோ முதலில் தண்ணீர்தான். கொதித்து ஆறிய தண்ணீரைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பில், அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். நக்கி விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. டாக்டர் சொன்னால், அவர் சொல்லும் அளவில் ஓஆர்எஸ் கலக்கலாம். பறவை துவண்டு கிடந்தால் இந்த வேலையே வேண்டாம், புரையேறிவிடும். தோலுக்கடியில் ஊசி மூலம் திரவம் ஏற்றுவது டாக்டர் வேலை, அதற்கு உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது மாற்றுங்கள். வைட்டமின் சொட்டு கலந்த தண்ணீர் நம்மூர் வெயிலில் மத்தியானத்துக்குள் வழவழவென்று ஆகிவிடும்.

கிண்ணம் பொய் சொல்லும்

பறவை தினையை முழுசாக விழுங்காது. உமியை உரித்து அதே கிண்ணத்தில் போடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், அடியில் ஒரு மணி இருக்காது. "தீனி அப்படியேதானே இருக்கு" என்று வெளியூர் போனவர்கள் வீட்டில் பட்டினியாகச் செத்த பறவைகளை எனக்குத் தெரியும். ஆச்சி எங்கள் கிண்ணத்தைச் சொளகில் (முறத்தில்) கொட்டி இரண்டு தட்டுத் தட்டினாள். அரைக் கிண்ணம் உமி பறந்தது, அடியில் நின்றது ஒரு சிட்டிகை.

இதற்கு நேர்மாறும் உண்டு. பறவை கிண்ணத்தில் தலையை விட்டு மும்முரமாகக் கிளறும், நமக்குச் சாப்பிடுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றும் உள்ளே போயிருக்காது. தின்ன நினைக்கிறது, முடியவில்லை. அதனால் காலையில் வைக்கும் தீனியை எடை போட்டு வையுங்கள், மாலையில் சொளகில் புடைத்து மிச்சத்தை நிறுங்கள். தேறி வரும் காக்டெயில் ஒரு நாளைக்குப் பத்து கிராமுக்கு மேலும், பட்ஜி ஐந்தாறு கிராமும் காலி செய்தால் கவலையில்லை.

கூண்டின் அடியில் பழைய செய்தித்தாள் விரித்து எச்சத்தையும் எண்ணலாம். நன்றாகத் தின்னும் பட்ஜி நாளைக்கு நாற்பது தடவைக்கு மேல் போடும். பச்சைச் சுருள், மேலே வெள்ளைத் தொப்பி, சுற்றிக் கொஞ்சம் ஈரம், இதுதான் சரியான எச்சம். எண்ணிக்கை குறைந்து, கரும்பச்சையாக ஒட்டினால் உள்ளே தீனி போகவில்லை என்று அர்த்தம்.

தீனி

முதல் சில நாளுக்குச் சத்து பற்றிக் கவலைப்படாதீர்கள். அது எதைத் தின்னுமோ அதைக் கொடுங்கள். புதுத் தீனி பழக்குவதற்கும், பெல்லட் எனும் அச்சில் வார்த்த தீனிக்கு மாற்றுவதற்கும் இது நேரமில்லை.

எல்லாப் பறவையும் வேண்டாம் என்று சொல்லாத ஒன்று தினைக்கதிர். மணியாக வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுகூட கதிராகத் தொங்கவிட்டால் கொத்தும். தினைப்புனத்தில் உட்கார்ந்து குளிர், தட்டை என்ற கருவிகளை அடித்துக் கிளி விரட்டிய பெண்களைப் பற்றித்தான் சங்கப் பாட்டில் எத்தனை பாட்டு! இங்கே நாம் கதிரை நீட்டி, "ஒரு வாய் தின்னுய்யா" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. கதிர் கிடைக்காவிட்டால் தினை, சாமை, குதிரைவாலி, கொஞ்சம் கம்பு கலந்து தரையில் ஒரு தட்டில் பரப்புங்கள். பறவைக்குத் தரையில் மேய்வது இயல்பு, கிண்ணம் வரை ஏறும் தெம்பும் தேவைப்படாது. வாங்கும்போது ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை, பூசணம் இருந்தால் வேண்டாம். எங்கள் வீட்டில் நோய் அங்கிருந்துதான் வந்தது. நிலக்கடலையையும் இதே காரணத்துக்காக நான் தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நஞ்சு அதில் இருக்கக்கூடும், அது கல்லீரலைக் கெடுக்கும்.

மூன்று நான்கு நாளில் பசி வந்த பிறகு முட்டை. நாட்டுக்கோழி முட்டையாக இருக்க வேண்டும் என்றில்லை. நன்றாகக் கெட்டியாக வேகவைத்து, முள்கரண்டியால் பொடிப்பொடியாக மசித்து, இரண்டு முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டு, மேலே ஒரு சிட்டிகை தினை தூவுங்கள். தினையைத் தேடிக் கொத்தும்போது முட்டையும் வாயில் ஒட்டும். எங்கள் பறவை முதல் நாள் முட்டையைக் காலால் எத்தியது. இரண்டாம் நாள் அலகைக் கம்பில் துடைத்தது. மூன்றாம் நாள் நான் அதன் முன்னால் உட்கார்ந்து அதே தட்டிலிருந்து "ம்ம், ம்ம்" என்று தின்று காட்டினேன். பறவை கூட்டத்தோடு தின்னும் சாதி. பக்கத்தில் யாராவது தின்றால் தானும் தின்னும். விரல் நகத்தால் தட்டில் டொக் டொக்கென்று கொத்துவதுபோலத் தட்டினாலும் வரும். காக்டெயிலுக்கு ஒரு டீஸ்பூன், பட்ஜிக்கு அதில் பாதி போதும். இரண்டு மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும், வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்திலேயே.

முளைகட்டிய தினையும் பாசிப்பயறும் நல்ல தீனி. எட்டு மணி நேரம் ஊறப்போட்டு, நாலைந்து தடவை அலசி, வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் கொடுத்துவிடுங்கள். நீள முளை வரும்வரை காத்திருந்தால் நம்மூர்ப் புழுக்கத்தில் பூசணம் முந்திக்கொள்ளும். வாடை சந்தேகமாக இருந்தால் குப்பையில் போடுங்கள், பயறு விலை பார்க்காதீர்கள். வேகவைத்த மஞ்சள் பூசணி, கேரட், மக்காச்சோளம் எல்லாம் இரண்டாம் வாரத்திலிருந்து கொடுக்கலாம்.

சூரியகாந்தி விதையில் கொழுப்பு ஏறும், எடை எண்ணும் ஏறும். ஆனால் மார்பில் வர வேண்டியது சதை. கல்லீரல் ஏற்கெனவே களைத்திருக்கும் பறவைக்கு அதை அள்ளி வைக்காதீர்கள். தராசில் ஏறியதற்குப் பரிசாக இரண்டு விதை, காக்டெயிலுக்கு அவ்வளவுதான்.

கணவாய் ஓடு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும். உவரிப் பக்கம் கடற்கரையில் பொறுக்கியதாக இருந்தால் நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பு போன பிறகு காயவைத்துத் தொங்கவிடுங்கள். ஆற்று மணல் வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. உமி உரித்துத் தின்னும் பறவைக்கு அது தேவையில்லை. நோயில் இருக்கும்போது அதிகம் தின்று குடலை அடைத்துக்கொண்டதும் உண்டு.

வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), சாக்லேட், காபி மூன்றும் நஞ்சு. பால் செரிக்காது. மிக்சர், முறுக்கு உப்பு ஆகாது. இளைத்துவிட்டதே என்று பாவப்பட்டு அல்வாத் துண்டை நீட்டும் மாமா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்கே அந்த அல்வாவைக் கொடுத்து உட்கார வையுங்கள்.

சிரிஞ்சால் ஊட்டுவது

முடிந்தவரை இதற்குப் போகாதீர்கள். தானாகத் தின்னும் பறவைக்குக் கட்டாயமாக ஊட்டினால் அது நம்மைக் கண்டாலே பயந்து, இருந்த பசியும் போகும். டாக்டர் ஊட்டச் சொன்னால் மட்டும் செய்யுங்கள். முதல் தடவை அவர் செய்வதைக் கூடவே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு ஊட்டுவதை வீட்டில் முயற்சிக்கவே வேண்டாம்.

குஞ்சுகளுக்கு ஊட்டும் பொடி கடையில் கிடைக்கும். டப்பாவில் வரும் குழந்தை உணவு வேண்டாம், பெரும்பாலானவற்றில் பால்பொடி இருக்கும். பொடியை வெந்நீரில் தளதளவென்று, இட்லி மாவைவிட இளக்கமாகக் கரையுங்கள். ஊட்டும்போது சூடு 38-லிருந்து 40 டிகிரி. மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பது போதாது, வெப்பமானி வையுங்கள். 43-க்கு மேல் போனால் தீனிப்பை உள்ளே வெந்து, சில நாளில் ஓட்டை விழும். ஆறிப்போனதாக இருந்தால் செரிக்காமல் தங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும், அது வேண்டாம்.

ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். பறவையை நிமிர்த்தியே பிடியுங்கள், மல்லாத்தக் கூடாது. அதன் இடப்பக்க அலகோரத்தில் நுனியை வைத்து வலப்பக்கம் பார்த்து மெதுவாகச் சொட்டுங்கள். உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கம் ஓடுகிறது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது. விழுங்கும் அசைவு தெரிந்த பிறகுதான் அடுத்த சொட்டு. தலையை உதறினால் நிறுத்துங்கள்.

அளவு, தொடக்கத்தில் உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் வேண்டாம். 30 கிராம் பட்ஜிக்கு ஒரு மில்லிக்கும் குறைவு, 70 கிராம் காக்டெயிலுக்கு இரண்டு மில்லி. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறையப் போட்டால் அதுவே ஆளைச் சாய்த்துவிடும். கழுத்தடியில் தீனிப்பையை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள், அது காலியான பிறகே அடுத்த வேளை. நான்கைந்து மணி நேரமாகியும் மாவு உருண்டையாக நின்றால் மறுபடி ஊட்டாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு வேகத்தில் ஏற வேண்டும்

எங்கள் காலண்டரில் இருந்தது இது. முதல் நாள் 71. நான்காம் நாள் 70, அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. ஏழாம் நாள் 72. பத்தாம் நாள் 74. பதினான்காம் நாள் 77. பதினேழாம் நாள் 75. இருபத்தொன்றில் 79, அப்புறம் வாரத்துக்கு மூன்று நான்கு கிராம்.

பதினேழாம் நாள் குறைந்ததற்குக் காரணம் நோயில்லை, என் அவசரம். 77 வந்த சந்தோஷத்தில் பெண் பறவையோடு சேர்த்துவிட்டேன். அது இதைக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே விடவில்லை. ஒரு நாள் முழுக்கச் சீறித் துரத்தியதை நான் கொஞ்சல் என்று நினைத்தேன், தராசு வேறு சொன்னது. மறுபடி பிரித்து, ஒன்றையொன்று பார்க்கும்படி பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்தேன். பழைய எடையில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பிய பிறகு, இரண்டு கிண்ணம் தூரத் தூரமாக வைத்துச் சேர்த்தால் சண்டை இல்லை.

ஒரு நாள் ஒரு கிராம் ஏறும், மறுநாள் இறங்கும். அதற்காகத் தீனியை மாற்றாதீர்கள். மூன்று நாள் சராசரியைப் பாருங்கள். ஆனால் தொடர்ந்து மூன்று நாள் இறங்கினாலோ, எடையில் பத்தில் ஒரு பங்கு போனாலோ பரிசோதனைக்குத் திரும்பப் போக வேண்டும். கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டாலும், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலும், ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாவிட்டாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். இத்தனை சின்ன உடம்பில் ஒரு நாள் பட்டினி என்பது பெரிய விஷயம்.

முட்டைப் பானையைக் கழற்றிவிடுங்கள். எடை திரும்பி, அடுத்த இறகுதிர்வும் முடியும்வரை குஞ்சு பொரிக்க விடக்கூடாது, முக்கியமாகப் பெண் பறவையை.

எடை பழைய இடத்துக்கு வந்தாலும் மார்பைத் தடவினால் இன்னும் கொஞ்சம் கூர்மையாகவே இருக்கும். பறந்தால்தான் அந்தச் சதை வரும். ஐந்தாம் வாரத்திலிருந்து தினம் பத்து நிமிஷம் அறைக்குள் திறந்துவிட ஆரம்பித்தேன். முதல் நாள் கூண்டிலிருந்து கட்டில் வரை, அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கியது. ஒரு வாரத்தில் பீரோ உச்சி. திறப்பதற்கு முன் ஜன்னலைச் சாத்துங்கள், கண்ணாடியில் திரையை இழுத்து விடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார்கள் என்று அந்த நேரம் மட்டும் சுவிட்ச் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைப்பேன். தராசு இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே வருகிறது. டப்பாவைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டதுமே, தினைக்காகத்தான், அதுவே வந்து ஏறி நின்றுகொள்கிறது.